எந்தக் கதை டாக்டரிடம் உடம்பைக் காட்டுவது?

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்காமல் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரவுத் துணைக்கு என் மகளும் வந்திருந்தாள். சொட்டு மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அலுத்துவிட்டது. கைபேசியில் 'ஹவுஸ்' என்ற அமெரிக்க டாக்டர் தொடரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், "இந்த டாக்டர் இங்கே இருந்தால் பாட்டிக்கு என்ன காய்ச்சல் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்" என்றாள். அம்மா திரையை எட்டிப் பார்த்தார். கோட்டுப் போடாத, முகத்தில் நான்கு நாள் தாடியோடு கைத்தடி ஊன்றி நிற்கும் ஒரு மனிதர். "முகச்சவரம்கூடச் செய்யாதவனிடம் நான் காட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா சொன்ன காரணம் தவறு. முடிவு சரி என்றுதான் இப்போது தோன்றுகிறது. கதைகளில் வரும் டாக்டர்களில் யாரிடம் உடம்பைக் காட்டலாம், எந்தக் கற்பனை ஆஸ்பத்திரியில் படுக்கலாம் என்பது பொழுதுபோகக் கேட்கிற கேள்விதான். ஆனால் பதிலை யோசிக்க ஆரம்பித்தால், ஆஸ்பத்திரியிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம், அந்த எதிர்பார்ப்பை யார் ஊட்டினார்கள் என்பதெல்லாம் கூடவே வந்து நிற்கும்.

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் கிரெகரி ஹவுஸ். நியூஜெர்சியில் பிரின்ஸ்டன்-பிளெயின்ஸ்பரோ என்ற கற்பனை மருத்துவமனையில், வேறு யாருக்கும் பிடிபடாத நோய்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு. அதற்குத் தலைவர் இவர். 2004 முதல் 2012 வரை எட்டுப் பருவங்கள் ஓடிய தொடர். ஷெர்லாக் ஹோம்ஸை வார்த்த அதே அச்சில்தான் இவரையும் வார்த்தார்கள். வீட்டு எண்கூட அதே 221பி. அந்தத் துப்பறிவாளரே எடின்பரோவில் வாழ்ந்த ஜோசப் பெல் என்ற அறுவை மருத்துவரைப் பார்த்துப் படைக்கப்பட்டவர். நோயாளி வாயைத் திறக்குமுன் அவருடைய தொழில், ஊர், பழக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடியவராம் பெல். ஆக ஒரு டாக்டரிலிருந்து துப்பறிவாளர் பிறந்து, அந்தத் துப்பறிவாளரிலிருந்து மறுபடி ஒரு டாக்டர் பிறந்திருக்கிறார். இடையில் ஒன்று மாறிப்போயிற்று. துப்பறியும் கதையில் பிணம் முதல் பக்கத்திலேயே கிடக்கும், அதற்கு மேல் அதற்கு எந்தக் கேடும் வராது. ஹவுஸின் கதையிலோ துப்பு துலங்கும்வரை வலியைத் தாங்க வேண்டியது நோயாளி.

ஒரு பகுதியை நோயாளியின் கட்டிலில் படுத்துக்கொண்டு பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் வெள்ளைப் பலகையில் உங்கள் அறிகுறிகளை எழுதி, ஒரு நோயின் பெயரைச் சொல்கிறார்கள். மருந்து கொடுக்கிறார்கள். வலிப்பு வருகிறது. அப்படியானால் அந்த நோய் இல்லை. இரண்டாவது பெயர், இரண்டாவது மருந்து. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுவும் இல்லை. மூன்றாவது பெயருக்குக் கல்லீரலிலோ மூளையிலோ ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கிடையில் அவருடைய உதவியாளர்கள் உங்கள் வீட்டுப் பூட்டைத் திறந்து குளியலறை அலமாரியைக் குடைந்துகொண்டிருப்பார்கள். நோயாளிகள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது ஹவுஸின் சித்தாந்தம். நாற்பதாவது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தன் நண்பரான புற்றுநோய் மருத்துவர் வில்சனோடு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஹவுஸின் பேச்சு பாதியில் நிற்கும், கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். விடை கிடைத்துவிட்டது. நீங்களும் பிழைத்துவிட்டீர்கள், அநேகமாக.

மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அது கேட்கிறதா என்பதிலிருந்து நோயை ஊகிக்கும் முறை நிஜ மருத்துவத்திலும் உண்டு. ஆனால் ஆபத்தில்லாத மருந்துக்கும், வேறு வழியில்லாத நிலைக்கும்தான் அது பொருந்தும். நிஜ டாக்டர்கள் படிக்கும்போது கேட்டு வளரும் பாடமே வேறு. குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை என்று நினை, வரிக்குதிரை என்று நினைக்காதே என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பார்கள். எளிதில் வரக்கூடிய நோயை முதலில் தேடு என்று அர்த்தம். ஹவுஸின் பிரிவுக்கு வரிக்குதிரை மட்டும்தான் வரும். வாரத்துக்கு ஒரு நோயாளி, அவருக்கு நான்கு டாக்டர்கள். அங்கே போய் உங்கள் டெங்குக் காய்ச்சலைக் காட்டினால் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தவிர, எது குதிரை, எது வரிக்குதிரை என்பது ஊருக்கு ஊர் மாறும். முதல் பருவத்தில் ஒரு சிறுவனுக்கு என்ன நோய் என்று முழுக் கூட்டமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும். கடைசியில் பார்த்தால், ஆந்த்ராக்ஸோடு தொழுநோயும் இருக்கிறது. அது அவன் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஒரு காலத்தில் இந்தியாவில் ஓர் ஆசிரமத்தில் தங்கியிருந்தவர். நியூஜெர்சியில் மகா மேதை ஒருவர் நாற்பது நிமிடம் முட்டி மோதிக் கண்டுபிடித்த அதே நோயை, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலில் வெளிறிய திட்டைப் பார்த்து, பால்பாயிண்ட் பேனா முனையால் மெதுவாகத் தொட்டு, "இங்கே தொடுவது தெரிகிறதா?" என்று கேட்டே சந்தேகப்பட்டுவிடுவார்கள். உணர்ச்சியற்ற திட்டு என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கூட்டு மருந்து அட்டை இலவசம். அந்த ஒரு நோய்க்காவது எனக்கு ஹவுஸ் வேண்டாம், பேனாவோடு ஒருவர் போதும்.

அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. 2012இல் ஜெர்மனியின் மார்புர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 55 வயதுக்காரர் ஒருவர் வந்தார். இதயம் மிகவும் பலவீனம், காது கேட்கவில்லை, பார்வை மங்கல், காரணமில்லாத காய்ச்சல். இதயக் குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. அவரைப் பார்த்த பேராசிரியர் யூர்கன் ஷேஃபர், 'ஹவுஸ்' தொடரின் காட்சிகளைப் போட்டுக்காட்டி மாணவர்களுக்கு அரிய நோய்களைப் பாடம் நடத்திவந்தவர். ஏழாம் பருவத்தில் மருத்துவமனைத் தலைவியின் தாயாருக்குச் செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கசிந்த கோபால்ட் நஞ்சாகும் கதை அவருக்கு அத்துப்படி. இந்த நோயாளிக்கும் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். முதலில் வைத்த பீங்கான் மூட்டு உடைந்து, அதன் இடத்தில் உலோக மூட்டு வைத்திருந்தார்கள். உள்ளே தங்கிவிட்ட பீங்கான் துணுக்குகள் உலோகத்தை அரம்போல ராவிக்கொண்டிருந்தன. ரத்தத்தில் கோபால்ட் எக்கச்சக்கம். மூட்டை மாற்றியபின் இதயம் ஓரளவு தேறியது. கண்ணும் காதும் பெரிதாகத் திரும்பவில்லை. 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானபோது உலகமெங்கும் பத்திரிகைகள் 'ஹவுஸ் ஓர் உயிரைக் காப்பாற்றினார்' என்று எழுதின. காப்பாற்றியது ஷேஃபர்தான். வித்தியாசம் என்னவென்றால், அவர் யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை, தவறான மருந்து எதையும் முதலில் கொடுத்துப் பார்க்கவில்லை. பழைய சிகிச்சை வரலாற்றைக் கேட்டார், ரத்தம் எடுத்து அனுப்பினார்.

ஹவுஸ் தொடரில் இன்னொன்று கவனித்திருப்பீர்கள். ரத்தம் எடுப்பது, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஓட்டுவது, ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பது, அறுவை அரங்கில் நிற்பது எல்லாமே அந்த மூன்று நான்கு டாக்டர்கள்தான். செவிலியர் என்று யாராவது வந்தால் கதவோரமாக ஒரு தட்டோடு கடந்துபோவார். ஒரு மருத்துவமனை இயங்குவதற்குக் காரணமான பாதிப் பேரை அந்தத் தொடர் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. (கைத்தடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹவுஸுக்குப் பழுது வலது காலில். தடியும் வலது கையில். தடியை நல்ல கால் பக்கம்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தப் பிசியோதெரபிஸ்டும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார். ஒருவேளை அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களோ என்னவோ.)

அடுத்த பெயர் சியாட்டிலில் இருக்கும் அந்த மருத்துவமனை; 'கிரேஸ் அனாடமி' தொடரில் வருவது. 2005இல் தொடங்கி இருபது பருவங்களையும் தாண்டிவிட்டது. எல்லோரும் அழகானவர்கள், எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு என்ன சாபமோ! நோயாளியின் உடலுக்குள் வெடிக்காத குண்டு, படகு விபத்து, துப்பாக்கியோடு வராந்தாக்களில் அலைந்தவன், டாக்டர்களே ஏறிச்சென்ற விமானம் விழுந்தது. அந்த விபத்தில் இறந்த இருவரின் பெயரைத்தான் பிறகு மருத்துவமனைக்கே வைத்தார்கள். அங்கே வேலைக்குச் சேர்பவர் முதலில் ஓர் ஆயுள் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது.

நோயாளியாகப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய கவலை இரண்டாம் பருவத்தின் முடிவில் இருக்கிறது. இதய மாற்றுக்குக் காத்திருக்கும் நோயாளி ஒருவரைப் பயிற்சி மருத்துவர் இஸ்ஸி காதலிக்கிறாள். அவருடைய இதயத்துக்குத் துணையாக ஓடும் கருவியின் ஒயரை அவளே வெட்டுகிறாள். நிலைமை மோசமானால்தான் காத்திருப்போர் பட்டியலில் அவர் மேலே ஏறுவார், அந்த இதயம் அவருக்குக் கிடைக்கும். கிடைத்தும்விடுகிறது. பார்ப்பவர் கண்ணீர் விடுகிறோம். அதே இதயத்துக்காக அன்று வேறோர் ஆஸ்பத்திரியில் முறைப்படி காத்திருந்த இன்னொரு மனிதன் ஒரு காட்சியோடு போய்விடுகிறான். நிஜ வாழ்க்கையில் நீங்களும் நானும் அந்த இன்னொரு மனிதனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தத் தொடரை உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதில் விபத்துக் காயங்களோடு வந்த 290 கற்பனை நோயாளிகளை அமெரிக்காவின் தேசிய விபத்துக் காயப் பதிவேட்டிலிருந்து எடுத்த 4,812 நிஜ நோயாளிகளோடு ஒப்பிட்டது. தொடரில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். நிஜத்தில் 7 சதவீதம். தொடரில் 71 சதவீதம் பேர் அவசரப் பிரிவிலிருந்து நேரே அறுவை அரங்குக்குப் போனார்கள். நிஜத்தில் 25 சதவீதம். பலத்த காயம்பட்டுப் பிழைத்தவர்களில் பாதிப் பேர் தொடரில் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். நிஜத்தில் ஐந்தில் ஒருவர்தான்.

இதற்கு நேர்மாறான கணக்கும் ஒன்று உண்டு. 1996இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் இதயம் நின்றுபோன நோயாளிகளை எண்ணியது. நெஞ்சை அழுத்தி உயிரூட்டிய 60 பேரில் 75 சதவீதம் பேருக்கு அப்போதைக்கு உயிர் திரும்பியது. 67 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனதாகவே காட்டினார்கள். நிஜத்தில், மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார். வெளியே நின்றால் பத்தில் ஒருவர் என்பதே அமெரிக்க நிலவரம். திரையில் நேர்கோடு ஓடுகிறது, உடனே மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள், உடல் துள்ளுகிறது, கண் திறக்கிறது. நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதே கிடையாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் அது. நேர்கோட்டுக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும். விலா எலும்பு முறிவதும் உண்டு.

ஒரு பக்கம் நிஜத்தைவிட அதிகம் சாகிறார்கள், மறு பக்கம் நிஜத்தைவிட அதிகம் பிழைக்கிறார்கள். முரண்பாடு போலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருப்பதைக் காட்டக் கதைக்கு நேரமில்லை. மூன்று மாதம் படுக்கை, கை தூக்கப் பயிற்சி, படுக்கைப் புண், வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்ற சண்டை, திரும்பத் திரும்ப அதே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. நம்மில் பெரும்பாலோருக்கு வரப்போகும் நோய் அந்த நடுவில்தான் இருக்கிறது. அதற்கு வைத்தியம் பார்க்கும் கற்பனை ஆஸ்பத்திரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் சினிமாவுக்கும் வருவோம். தமிழில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் கதை என்றால் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). ஸ்ரீதர் இயக்கியது. முத்துராமனுக்குப் புற்றுநோய்; மனைவி தேவிகாவோடு ஆஸ்பத்திரியில் வந்து சேர்கிறார். வைத்தியம் பார்க்க வேண்டிய டாக்டர் கல்யாண்குமார். தேவிகாவின் பழைய காதலர். உண்மை தெரிந்ததும் கணவன், தான் இறந்துபோனால் அவளை மணந்துகொள்ளும்படி டாக்டரிடமே கேட்கிறார். அந்தக் கணத்திலிருந்து டாக்டருக்கு ஊணும் இல்லை, உறக்கமும் இல்லை. எப்படியாவது இவரைக் காப்பாற்றியாக வேண்டும். காப்பாற்றியும்விடுகிறார், அந்த உழைப்பிலேயே தன் உயிரை விடுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் என் அம்மா அழுவார். நானும்தான்.

அழுது முடித்தபின் முத்துராமனின் இடத்தில் படுத்து யோசித்தேன். கத்தியைப் பிடிக்கப் போகிறவருக்கு என் சாவில் ஒரு லாபம் இருக்கிறது. அது ஊரெல்லாம் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் என்னைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற வெறியும் இருக்கிறது. தவிர அவர் பல இரவு தூங்கவில்லை. இந்த இரண்டுமே அறுவை அரங்குக்கு ஆகாதவை. நெருங்கியவர்களுக்குத் தாமே சிகிச்சை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறிகளில் பழையது. பகைக்கும் காதலுக்கும் அது பொருந்தும். தூக்கத்தைப் பொறுத்தவரை, 1984இல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தபோதுதான் பயிற்சி மருத்துவர்கள் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார்கள் என்பது பொதுவெளிக்கு வந்தது. அதன் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003இல் அது அமெரிக்கா முழுவதும் வந்தது. எண்பது மணி நேரம் என்பதே சலுகையாக இருந்தது என்றால் அதற்கு முன்பு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். தியாகம் பெரிய குணம்தான். எனக்கு அறுவை செய்கிறவர் முந்தின இரவு ஏழு மணி நேரம் தூங்கியிருந்தால் போதும்.

பிற்காலத் தமிழ்ப் படங்களில் ஆஸ்பத்திரி வேறொரு முகம் காட்டியது. 'ரமணா' (2002) படத்தில் இறந்துபோன ஓர் உடலைக் கொண்டுபோய்ச் சேர்க்க, அதற்கு வைத்தியம் நடப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 'மெர்சல்' (2017) படத்தின் டாக்டர் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்ப்பார். கதாநாயகனின் பெருமை அவர் கண்டுபிடிக்கும் நோயில் இல்லை, வாங்கும் கட்டணத்தில் இருக்கிறது. ஹவுஸ் வாரந்தோறும் செய்யும் பரிசோதனைகளுக்கு யார் பணம் கட்டினார்கள் என்று அந்தத் தொடர் அபூர்வமாகத்தான் கேட்கும். நாம் முதலில் கேட்பதே அதைத்தான். அமெரிக்கக் கதைக்குப் புரியாத நோய் வில்லன். நம் கதைக்குப் புரிந்த நோயின் பில் வில்லன். இரண்டில் எது வாழ்க்கைக்குப் பக்கம் என்று மருந்துக்கடை ரசீதைக் கையில் வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார்.

எந்தக் கதையிலும் நான் பார்க்க ஆசைப்பட்டு இன்னும் சரியாகப் பார்க்காத காட்சி ஒன்று உண்டு. அறுவை தொடங்குமுன் அரங்கில் இருக்கும் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று, தம் பெயரையும் வேலையையும் சொல்கிறார்கள். நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன அறுவை என்று ஒருவர் உரக்கப் படிக்கிறார். மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறார். முடிந்து தைக்குமுன் பஞ்சுத்துணி, ஊசி, கருவி எல்லாவற்றையும் எண்ணிக் கணக்குச் சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் இந்தப் பத்தொன்பது அம்சப் பட்டியலை எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில், புதுதில்லியும் அதில் ஒன்று, சோதித்துப் பார்த்த முடிவு 2009இல் வெளிவந்தது. அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. எந்தப் புதுக் கருவியும் இல்லை, மேதையும் இல்லை. ஒரு தாள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது பெயர் சொல்லும் சடங்கு. பெயரைச் சொல்லி வாயைத் திறந்துவிட்ட இளைய செவிலியருக்குத்தான், "டாக்டர், அது இடது கால் இல்லை" என்று பிறகு சொல்லவும் துணிவு வரும்.

இப்போது ஹவுஸையும் கல்யாண்குமாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவான ஒன்று தெரிகிறது. இருவரும் தனியாள்கள். இஸ்ஸியும் அந்த ஒயரை யாரும் தடுக்க முடியாத நேரம் பார்த்துத்தான் வெட்டுகிறாள். கதைக்குத் தனியாள் வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து சரியாகச் செய்த வேலையைக் கதையாக்குவது கடினம். கட்டிலில் கிடப்பவனுக்கோ, தப்பு செய்யும்போது கையைப் பிடிக்க ஆள் இருக்கும் டாக்டர்தான் வேண்டும்.

தப்பு என்றதும் 'ஈ.ஆர்.' தொடரின் மார்க் கிரீன் நினைவுக்கு வருகிறார். சிகாகோவின் கவுண்டி ஜெனரல் மருத்துவமனை அவசரப் பிரிவு. 1994 முதல் 2009 வரை ஓடியது. ஹார்வர்டில் மருத்துவம் படித்த மைக்கேல் கிரைட்டன் உருவாக்கியது. முதல் பருவத்தில் ஒரு கர்ப்பிணி வருகிறாள். சிறுநீர்த் தொற்று என்று கிரீன் மருந்து எழுதி அனுப்பிவிடுகிறார். வெளியே போனவளுக்கு வலிப்பு. கர்ப்ப கால ரத்த அழுத்தத்தின் அறிகுறிகளை அவர் சரியாக எடைபோடவில்லை. அதற்குப்பின் அந்தப் பகுதி முழுக்கவும் ஒவ்வொரு முடிவும் சிறிது தாமதமாகவே வருகிறது. மகப்பேறு நிபுணர் வந்துசேரவில்லை. கிரீன் தன்னால் முடியும் என்று இழுத்துக்கொண்டு போகிறார். குழந்தை பிழைக்கிறது, தாய் இறந்துவிடுகிறாள். கணவனிடம் போய் அவரே சொல்கிறார். பிறகு ரயிலில் தனியாக உட்கார்ந்து உடைந்து அழுகிறார்.

1995இல் ஒளிபரப்பான பகுதி. இப்போது பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது. முன்பெல்லாம் அந்த ரயில் காட்சிக்காகவே எனக்குக் கிரீனைப் பிடிக்கும். தவறை உணர்ந்தவர், இனிக் கவனமாக இருப்பார், இவரிடம் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது அந்த அழுகையைவிட முக்கியமான ஒன்று கண்ணில் படுகிறது. அவர் ஏன் தனியாக அழுகிறார்? தன்னால் முடியும் என்று இழுத்துக்கொண்டு போன அந்த மணி நேரங்களில், "நிறுத்துங்கள், வேறு யாரையாவது கூப்பிடுவோம்" என்று அழுத்திச் சொல்லும் அதிகாரம் அந்த அறையில் ஏன் யாருக்கும் இல்லை?

நாட்பட்ட நோய்க்கு என் தேர்வு சியாட்டிலிலும் இல்லை, சிகாகோவிலும் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் போர்ட்வென் என்ற கற்பனைக் கிராமம். 'டாக் மார்ட்டின்' தொடர், 2004 முதல் 2022 வரை. லண்டனில் பெரிய ரத்தக்குழாய் அறுவை நிபுணராக இருந்த மார்ட்டின் எல்லிங்ஹாமுக்குத் திடீரென்று ரத்தத்தைப் பார்த்தாலே குமட்டல் வந்துவிடுகிறது. கிராமத்துப் பொது மருத்துவராக வந்து உட்கார்கிறார். மனிதருக்கு முகத்தில் சிரிப்பே கிடையாது. நலமா என்றுகூடக் கேட்க மாட்டார். நோயாளி ஊர்க்கதை ஆரம்பித்தால் பாதியில் வெட்டுவார். நம் 'வசூல்ராஜா'வின் கட்டிப்பிடி வைத்தியத்துக்கு நேர் எதிர் துருவம். என் அம்மாவுக்கு இவருடைய சவரம் பிடிக்கும், கோட்டும் டையும் பிடிக்கும், பேச்சு பிடிக்காது.

ஆனால் யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் மாத்திரையை விழுங்காமல் இழுப்பறையில் போடுகிறார்கள், யாருடைய தகப்பனுக்கு என்ன நோய் இருந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்த வாரமும் அதே நாற்காலியில் அவரே இருப்பார். இது பெரிய விஷயமா என்றால், பெரிய விஷயம்தான். ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டுவதையும் இறப்பு விகிதத்தையும் ஆராய்ந்த 22 ஆய்வுகளை 2018இல் சேர்த்துப் பார்த்தபோது, 18 ஆய்வுகளில் தொடர்ந்து காட்டியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. முன்பெல்லாம் நம் தெருமுனைகளில் ஒரு டாக்டர் இருப்பார், கம்பவுண்டர் சிவப்புத் தண்ணீர் மருந்து கலக்கித் தருவார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எனக்கு அந்தச் சிடுமூஞ்சி மார்ட்டின் போதும். ரத்தம் எடுக்கும்போது மட்டும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

அவசரத்துக்கு? 2025 ஜனவரியில் தொடங்கிய 'தி பிட்' தொடரின் மருத்துவமனையைத்தான் சொல்வேன். பிட்ஸ்பர்க் நகரின் அவசர சிகிச்சைப் பிரிவு. முதல் பருவம் முழுக்க ஒரே ஒரு வேலை முறை (ஷிப்ட்), மணிக்கு ஒரு பகுதியாகப் பதினைந்து பகுதிகள். 'ஈ.ஆர்.' தொடரில் மாணவராக வந்த நோவா வைலி இதில் தலைமை மருத்துவர் ராபி. ஆனால் அந்த இடத்தை ஓட்டுவது பொறுப்புச் செவிலியர் டேனா. யார் எந்தக் கட்டிலுக்கு, எந்த டாக்டர் எங்கே இழுத்தடிக்கிறார், எந்தக் குடும்பத்துக்கு யார் போய்ச் சொல்வது எல்லாம் அவர் கையில். இங்கே டாக்டரைச் செவிலியர் திருத்துகிறார், மாணவர் கேள்வி கேட்கிறார். செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று முன்பே எழுதிவைத்திருந்த முதியவருக்கு அவர் பிள்ளைகள் அதைப் போடச் சொல்லிவிட்டு, பிறகு அப்பாவை விட்டுவிடக் கற்றுக்கொள்வதற்கு முழுசாகச் சில பகுதிகள் ஒதுக்குகிறார்கள். நடுவில் இருப்பதைக் காட்டக் கதைக்கு நேரமில்லை என்று மேலே சொன்னேன். இவர்கள் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அங்கே போனால் எனக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். காத்திருக்கும் அறையில் நெஞ்சுவலியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வந்தவுடன் இ.சி.ஜி. எடுத்தாயிற்று, ரத்தமும் எடுத்தாயிற்று, இரண்டிலும் ஒன்றுமில்லை. இதயத் தசை சேதமானால் ட்ரோப்போனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறும். ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். ஆக, அவர் உட்கார்ந்திருப்பதே பாதிப் பரிசோதனை. அதை யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. தனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. ஒன்பதாவது மணி நேரத்தில், மூச்சுவிட வெளியே வந்து நிற்கும் டேனாவின் முகத்தில் குத்திவிட்டுப் போய்விடுகிறார்.

அவருக்கு அடுத்த நாற்காலி எனக்கு. ஒரு தண்ணீர் பாட்டிலும், அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் கவரும் மடியில். இரண்டாவது ரத்தம் எப்போது எடுப்பார்கள் என்று மட்டும் டேனாவிடம் ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்வேன்.